கேம் பிடித்தால் அது தரமான கேமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் கொம்பியூட்டர் திருத்துகிற வேலை எனக்கு. விண்டோஸ் போடவும் ரெம் மாற்றவும் வருகிற பெடியன்கள் வேலை முடியும்வரை கதிரையில் இருந்து கேம் பற்றித்தான் கதைப்பார்கள், கதை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். ஒருவன் "எனக்குப் பிடிச்சிருக்கு, அப்ப நல்ல கேம்தான்" என்பான். மற்றவன் போனை நீட்டி "மார்க்ஸைப் பாருங்க அண்ணா, அறுபதும் இல்ல" என்பான். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பல வருடமாக வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். காத்தான்குடி, ஆரையம்பதி, செங்கலடி, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான்.

எனக்குப் பிடித்திருந்தால் போதாதா? கேம் என்பதே சந்தோஷத்துக்குத்தானே?

நீங்கள் விளையாடுவதற்கு அது போதும், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் "எனக்குப் பிடித்தது" என்பது உங்களைப் பற்றிய பேச்சு, அதை யாரும் பிழை என்று சொல்ல முடியாது. "இது தரமான கேம்" என்பது கேமைப் பற்றிய பேச்சு, அதைச் சொன்ன உடனே எதிரில் இருப்பவர் "ஏன்?" என்று கேட்கலாம், நீங்கள் மறுமொழி சொல்லத்தான் வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். பிடித்தது என்பது பெறுமதியான தகவல், அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரம் பேசுகிறவரை நான் நம்ப மாட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு கேம் தந்தது, எவ்வளவு நீங்களே கொண்டுபோனது என்று பிரித்துப் பார்க்காமல் அதை வைத்துத் தரத்தை அளக்கக் கூடாது.

நானே கொண்டுபோனது என்றால் என்ன?

பசி ருசி அறியாது என்பார்கள். பசித்தவனுக்குப் பழஞ்சோறும் சம்பலும் அமிர்தம், அதை வைத்துச் சமைத்தவரின் கைப்பக்குவத்தைக் கணக்கிட முடியாது.

நான் படிக்கிற காலத்தில் டவுனில் ஒரு நெட் கபே இருந்தது, ஐந்து கொம்பியூட்டர், பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறை, மணித்தியாலக் கணக்கில் காசு. டியூஷன் முடிந்து ஐந்து பேர் சேர்த்த காசில் ஒரு மணித்தியாலம் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற, இரண்டு அணியாகப் பிரிந்து சுடுகிற கேம் விளையாடுவோம். நான் சுட்டதும் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சினேகிதன் கத்துவது காதில் விழும் பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. உலகத்திலேயே சிறந்த கேம் அதுதான் என்று அப்போது சத்தியம் பண்ணியிருப்பேன். பிறகு வேலைக்கு வந்து சொந்தமாக ஒரு கொம்பியூட்டர் வாங்கி, அதே கேமைப் போட்டு, தனியாக இருந்து கொம்பியூட்டர் ஆட்களோடு விளையாடினேன். அரை மணித்தியாலத்தில் மூடிவிட்டேன். எனக்குப் பிடித்தது பெரும்பாலும் அந்த ஐந்து பேரும், மணித்தியாலம் முடிகிறதே என்ற அவதியும்தான்.

கவனியுங்கள், இதனால் கவுன்டர் ஸ்ட்ரைக் மோசமான கேம் ஆகிவிடாது. அதில் வருகிற டஸ்ட் 2 என்ற மேப், அதாவது சண்டைக் களம், 2001இல் வந்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க விளையாடுகிறார்கள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. இரண்டு அணியும் ஓடத் தொடங்கினால் நடுக் கதவிலும் நீள வழியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முகத்துக்கு முகம் முட்டும்படி தூரங்களை அளந்து வைத்திருக்கிறார்கள். ஆக கேம் தரமானதுதான், ஆனால் நான் சொல்லிக்கொண்டு திரிந்த காரணம் பிழை. அதே கபேயில் அதே பசியோடு விளையாடிய ஒரு கார் ரேஸ் கேமும் இருந்தது. அதுவும் அன்றைக்கு அமிர்தம், இன்று பெயர்கூட நினைவில்லை.

அப்ப தரம் என்று எதைத்தான் சொல்கிறீர்கள்?

ஒரு கேம் விளையாடுகிறவரிடம் என்ன உண்டாக்க நினைத்ததோ அதைத் தெரிந்தே, கவனமாக உண்டாக்கியிருக்கிறதா என்பதைத்தான். வரைவிலக்கணமாகச் சொன்னால் பெடியன்களுக்குக் கொட்டாவி வரும், அதனால் நான் எப்போதும் மாரியோவைத் திறந்து காட்டுவேன்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 1985, நின்டெண்டோ, மியாமோட்டோ என்ற கேம் வடிவமைப்பாளரின் குழு செய்தது. முதல் கட்டத்தின் முதல் திரையை மட்டும் பாருங்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், முகம் வலப்பக்கம், முன்னால் வெறும் இடம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு எழுத்துகூட இல்லை, ஆனாலும் எல்லாரும் வலப்பக்கம்தான் போவார்கள். கொஞ்சம் நடந்ததும் எதிரே ஒரு குட்டிப் பகைவன் மெதுவாக வருகிறான். பாயாவிட்டால் சாவு, ஆனால் தொடங்கி சில செக்கன்தான் ஆனபடியால் இழப்பு ஒன்றுமில்லை, அடுத்த தடவை பாய்வீர்கள். பாயும்போது மேலே இருக்கிற கேள்விக்குறிக் கட்டியில் தலை இடிக்கும், காசு விழும், ஓ இதை இடிக்கலாம் என்று தெரிந்துவிடும். அடுத்த கட்டியில் காளான் வருகிறது. அதுவரை வந்தது எல்லாம் ஆபத்து, ஆகையால் விலகத்தான் பார்ப்பீர்கள். ஆனால் அந்தக் காளான் வலப்பக்கம் ஓடி, அங்கே இருக்கிற குழாயில் முட்டி, திரும்பி உங்களை நோக்கியே வரும். தப்புவது கஷ்டம். பட்டதும் மாரியோ பெரிதாகிறார், அட, இது நல்ல சாமான்.

நடப்பது, பாய்வது, இடிப்பது, நல்லது கெட்டதை அறிவது, எல்லாம் அரை நிமிஷத்துக்குள், ஒரு சொல் இல்லாமல். இந்தக் கேம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு அறவே பிடிக்காது. ஆனால் அந்தக் குழாயை அங்கே வைத்தவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது, அதைப் பார்க்க மாரியோவை விரும்ப வேண்டியதில்லை.

கஷ்டமான கேம், எரிச்சல்தான் வந்தது. அப்படியானால் தரம் குறைவுதானே?

எந்த வகை எரிச்சல் என்று பாருங்கள்.

ப்ரொஜெக்ட் ஐ.ஜி.ஐ. என்று 2000இல் ஒரு கேம் வந்தது, என் வயதுக்காரர் இங்கே விளையாடாதவர் இல்லை. ஒரு மிஷனுக்கு நடுவில் சேவ் பண்ண வழியே கிடையாது. முக்கால் மணித்தியாலம் மெல்ல மெல்ல ஊர்ந்து, கமராவுக்குத் தப்பி, கடைசி வேலியைத் தாண்டும்போது எங்கிருந்தோ ஒரு குண்டு. திரும்ப முதலிலிருந்து. இல்லாவிட்டால் கரண்ட் போய்விடும், அதற்கும் முதலிலிருந்து. அந்தப் பயம் ஒருவிதத்தில் கேமுக்கு உதவியது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு அடியும் நெஞ்சு படபடக்கும். ஆனால் செத்ததில் நான் படித்தது பெரிதாக ஒன்றுமில்லை, தெரிந்ததையே திரும்பச் செய்தேன், அவ்வளவுதான். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் அளவோடு சேவ் பண்ணவும் விட்டார்கள்.

டார்க் சோல்ஸ் 2011இல் வந்தது. அதில் சாவது ஐ.ஜி.ஐ.யை விட எத்தனையோ மடங்கு. ஆனால் செத்தால், சேர்த்து வைத்த சோல்ஸ், அதாவது அந்தக் கேமின் காசு, செத்த இடத்திலேயே கிடக்கும், போய் எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு, வழியில் திரும்பச் செத்தால் போனது போனதுதான். தொடக்கத்தில் இளைப்பாறுகிற இடத்திலிருந்து சுடுகாட்டுப் பக்கமும் ஒரு வழி போகும். புதிதாக வருகிறவர் அந்தப் பக்கம் போனால் எலும்புக்கூடுகள் இரண்டு அடியில் முடித்துவிடும். எனக்கும் அதுதான் நடந்தது, ஆறேழு தடவை. பிறகுதான் விளங்கியது, இப்போது உனக்குரிய வழி இது இல்லை, மறுபக்கம் ஏறு என்று கேம் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய அந்த நாட்களில்தான் நான் இதை விளையாடினேன். கேம் தானே விடாமல் சேவ் பண்ணிக்கொண்டிருக்கும், அதனால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலேயே நிற்பேன்.

இரண்டிலும் எரிச்சல் வந்தது உண்மை. டார்க் சோல்ஸில் என் பிழையை எனக்குக் காட்டிய எரிச்சல், ஐ.ஜி.ஐ.யில் என் நேரத்தைத் தின்ற எரிச்சல். அதோடு, கஷ்டமான கேம் என்றாலே தரமானது என்று இப்போது சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், அதையும் நான் ஏற்க மாட்டேன்.

அழ வைக்கிற கேமை எப்படி "என்ஜோய் பண்ணினேன்" என்று சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டது களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஆகையால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

திஸ் வோர் ஒஃப் மைன் என்று 2014இல் போலந்தில் செய்த கேம் ஒன்று இருக்கிறது. 1990களில் சரயேவோ நகரம் முற்றுகைக்குள் கிடந்த காலத்தை அடியாக வைத்தது. நீங்கள் ஆமிக்காரன் இல்லை, இடிந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கிற இரண்டு மூன்று சாதாரண ஆட்கள். பகலில் வெளியே தலை காட்ட முடியாது. இரவில் ஒருவர் போய் பக்கத்து வீடுகளில் மருந்தோ உணவோ தேடி வர வேண்டும். அப்படி ஒரு வீட்டில் வயதுபோன புருஷனும் பெண்சாதியும் மட்டும் இருப்பார்கள். அவர்களிடம் எல்லாம் இருக்கும். எடுத்தால் தடுக்கப் பலமில்லை. எடுத்துக்கொண்டு வந்தால் உங்கள் ஆட்கள் பிழைப்பார்கள், ஆனால் செய்ததை நினைத்து மனம் உடைந்து சரியாகச் சாப்பிட மாட்டார்கள், பேச மாட்டார்கள்.

நான் அந்த வீட்டுக்குள் போன இரவு அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவ. கேம் என்றால் என்னவென்றே கேட்காதவ. அந்தக் கிழவன் பின்னாலேயே வந்து கெஞ்சுவதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கிழவன்ட சாமானையா மகன் எடுக்கப்போறாய்?" என்று கேட்டா. நான் ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்தேன். கேமுக்குள் ஒரு ஆள் காய்ச்சலில் செத்துப்போனார். அன்றைக்குப் பிறகு மூன்று நாள் அதைத் திறக்கவில்லை.

என்ஜோய் பண்ணினேனா? இல்லை, ஒரு நிமிஷம்கூட இல்லை. நான் விளையாடியவற்றில் தரத்தில் உயர்ந்தவற்றில் ஒன்று என்று சொல்வேனா? தயங்காமல் சொல்வேன். போலந்து அரசாங்கம் 2020இல் அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலிலேயே சேர்த்தது.

இதில் நாம் புதிதாகக் குழம்பத் தேவையே இல்லை. மனதில் எழுந்து உடம்பில் தெரிகிற உணர்ச்சியை மெய்ப்பாடு என்பார்கள், தொல்காப்பியர் அதை எட்டு என்று எண்ணும்போது நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எண்ணினார். உவகை கடைசியில் நிற்கிறது, அழுகை இரண்டாவது. நாம் "ரசித்தேன்" என்று சொல்வது இந்த எட்டையும் சேர்த்துத்தான். என்ஜோய் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உவகையை மட்டும் எடுத்தபடியால்தான் இந்தச் சிக்கல். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இந்தச் சுவைகளை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகங்களையே ஆராய்ந்தார். கேமை ஏன் ஆராய முடியாது?

அதைவிடக் கிட்ட வேண்டுமானால் நம்முடைய கூத்துக்களரிக்குப் போங்கள். இரவு முழுக்க விழித்திருந்து, விடியப்புறம் அபிமன்யு விழுகிற கட்டத்தில் ஆச்சிமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள், அடுத்த வருடம் அதே கூத்துக்குப் பாயோடு முதல் ஆளாக வருவார்கள். பக்கத்தில் பழைய கூத்துக்காரர் ஒருவர் இருப்பார், அவர் கண்ணிலும் தண்ணீர் நிற்கும், ஆனாலும் "பெடியன்ட ஆட்டம் திறம், தாளம் ரெண்டிடத்தில பிசகிட்டு" என்று சரியாகப் பிரித்துச் சொல்வார். அந்த மனிதரைப் போல கேம் பார்க்கப் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

விடாமல் விளையாடினேன், நிறுத்தவே முடியவில்லை. அதைவிடத் தரத்துக்கு என்ன அத்தாட்சி?

அது அத்தாட்சி இல்லை. இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் கதைப்பேன்.

அக்காவின் மகனுக்கு 14 வயது. போனில் ஒரு கேம், பெயர் வேண்டாம், ஒவ்வொரு இரவும் நாலு மணித்தியாலம். ஒருநாள் பக்கத்தில் இருந்து, "நேற்று விளையாடினதில எந்த ரவுண்ட் மகன் திறமா இருந்த?" என்று கேட்டேன். யோசித்தான். ஒன்றையும் சொல்ல முடியவில்லை. "இண்டைக்கு லொகின் பண்ணாட்டி ரிவோர்ட் போயிடும் மாமா" என்றான். எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றாவது அவன் முகத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. பாடசாலைக் காசில் சேர்த்துப் பெட்டி வாங்கித் திறந்திருக்கிறான், உள்ளே என்ன வரும் என்று திறக்கும்வரை தெரியாது. அந்த வகைப் பெட்டிகளைக் காசு கட்டி வாங்க வைப்பது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018இல் தீர்மானித்தது.

ஃப்ளாப்பி பேர்ட் கதை தெரிந்திருக்கும். வியட்நாமில் ஒரு தனி ஆள் செய்த கேம், 2014 தொடக்கத்தில் உலகமே அதைத் தட்டிக்கொண்டிருந்தது. சனம் அதிலேயே ஊறிக் கிடக்கிறது என்று சொல்லி அதே வருடம் பெப்ரவரியில் அவரே அதை எடுத்துவிட்டார். வருமானம் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

இழுத்து வைத்திருப்பது வேறு, பிடித்திருப்பது வேறு. விளையாடி முடித்து போனைக் கீழே வைத்த பிறகு அந்த நேரத்தைப் பற்றி மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மெட்டாகிரிட்டிக்கில் 90க்கு மேல். எனக்குப் பிடிக்கவில்லை. என்னில் பிழையா?

இல்லை. மெட்டாகிரிட்டிக் என்பது விமர்சகர்களின் மார்க்ஸைச் சேர்த்துக் காட்டுகிற இணையத்தளம், 90 என்பது பல விமர்சகர்கள் போட்ட மார்க்ஸின் சராசரி. அதற்குள் உங்கள் நாக்கு இல்லை.

அந்த எண்ணை அவ்வளவு துல்லியமானது என்று நினைக்கவும் வேண்டாம். ஃபோல்அவுட் நியூ வேகாஸ் 2010இல் வந்தபோது அதைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு, வந்தது 84. போனஸ் இல்லை. ஒரு புள்ளி. அந்த 84க்கும் 85க்கும் இடையில் கேமின் தரத்தில் என்ன வித்தியாசம் என்று யாராவது காட்டட்டும் பார்ப்போம்.

ஆனாலும் ஒன்று செய்யுங்கள். பிடிக்கவில்லை என்று எழும்பிப் போகும் முன், அவ்வளவு பேர் எதைப் பார்த்தார்கள் என்று இரண்டு விமர்சனம் வாசியுங்கள், மார்க்ஸை விட்டுவிட்டு எழுத்தை மட்டும். விளங்கியும் பிடிக்கவில்லை என்றால் முழு நிம்மதியோடு விட்டுவிடலாம்.

விமர்சகரை விடுங்கள், விளையாடுகிற சனம் சொல்வது சரியாகத்தானே இருக்கும்?

சில நேரம். த லாஸ்ட் ஒஃப் அஸ் இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19 வெளிவந்தது. முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். வெளிவந்த சில மணித்தியாலத்துக்குள் மெட்டாகிரிட்டிக்கில் சனம் போடுகிற மார்க்ஸ் பூச்சியம் பூச்சியமாகக் குவிந்துவிட்டது. விளையாடி முடித்தவர் போட்டது இல்லை என்று கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும். அதன் பிறகு, ஒரு கேம் வெளியான முதல் 36 மணித்தியாலத்துக்கு ஆட்களின் கருத்தை எடுப்பதில்லை என்று மெட்டாகிரிட்டிக் மாற்றியது.

கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மார்க்ஸ் கேட்பதில்லை, இந்தக் கேமை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்றுதான் கேட்கும், எழுதியவர் எத்தனை மணித்தியாலம் விளையாடினார் என்றும் பக்கத்தில் காட்டும். பிடித்ததா என்பதற்கும் பரிந்துரைப்பீர்களா என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். எனக்கு ஐ.ஜி.ஐ. பிடிக்கும், இன்றைக்கு ஒரு தம்பி வந்து கேட்டால் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரிக்கெட் 07ஐப் பற்றிக் குறை சொன்னால் ஏன் எல்லாருக்கும் கோபம் வருகிறது?

எனக்கும்தான் வரும். 2006 கடைசியில் வந்தது, இன்னும் இங்கே லெப்டொப் திருத்தக் கொண்டுவருகிறவர்களில் கொஞ்சப் பேர் "அந்த கேம் அழியாமப் பாருங்க" என்று சொல்லித்தான் தருவார்கள். சரி, நேராகப் பார்ப்போம். ஒரே ஷொட்டைத் தூக்கி அடித்தால் திரும்பத் திரும்ப சிக்ஸ் போகும், அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகு பந்து வீசுகிறவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். ஃபீல்டர் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இவை கேமின் பிழைகள், அன்பு வைத்ததால் மறைந்துவிடாது.

ஆனால் ரசிகர்கள் இத்தனை வருடமாக அணிப் பட்டியலையும் சட்டையையும் மைதானத்தையும் தாங்களே மாற்றிப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். நாம் இன்று விளையாடுவது கம்பெனி விற்ற கேமை விட அந்த ஆட்கள் சேர்ந்து செய்த கேம். அந்த உழைப்பும் தரம்தான், ஆனால் பாராட்டைச் சரியான ஆளுக்குக் கொடுக்க வேண்டும்.

என் போனில் இழுத்து இழுத்து ஓடியது, அதனால் பிடிக்கவில்லை. கேமைக் குறை சொல்லலாமா?

உங்கள் போனில் ஓடும் என்று சொல்லி விற்றிருந்தால் தாராளமாகச் சொல்லலாம். சைபர்பங்க் 2077, 2020 டிசம்பரில் வந்தபோது நல்ல கொம்பியூட்டரில் விளையாடியவர் ஒரு கேம் விளையாடினார், பழைய பிளேஸ்டேஷன் 4இல் விளையாடியவர் வேறொரு கேம் விளையாடினார். அது அவ்வளவு உடைந்திருந்தபடியால் சோனி சில நாட்களிலேயே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது, திரும்பச் சேர்த்தது அடுத்த வருடம் ஜூனில். இன்றைக்கு அதே கேம் எவ்வளவோ திருந்திவிட்டது. ஆகையால் எந்த மெஷினில், எந்த வருடத்து வேர்ஷன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

லைன் பிழை வேறு கதை. மழைக்கு நெட் விழுந்து, திரை நின்று, அதற்குள் எதிராளி சுட்டுவிட்டுப் போனால் அதற்குக் கேம் என்ன செய்யும்?

எவ்வளவு நேரம் விளையாடினால் கருத்துச் சொல்லலாம்?

பிடிக்கவில்லை என்று சொல்லப் பத்து நிமிஷம் போதும். தரமில்லை என்று சொல்ல, கேம் தன்னுடைய முக்கியமான வேலையைத் தொடங்கும்வரையாவது இருக்க வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம், அதுவரை பார்த்து முடிவெடுங்கள். 60 டொலர் என்பது 300 ரூபா கணக்கில் 18,000 ரூபா, இங்கே அது சின்னக் காசு இல்லை.

எங்கள் சித்தி கேண்டி க்ரஷ் மட்டும்தான் விளையாடுவா. அதெல்லாம் ஒரு கேமா?

கேம்தான். இந்த "அதெல்லாம் ஒரு கேமா" என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, பெரும்பாலும் பெண்கள் விளையாடுவதைப் பற்றித்தான் அது வரும். சித்தி சமையல் முடித்து, தேத்தண்ணியோடு இருந்து, ஐந்து உயிர் முடியும்வரை விளையாடி, அடுத்த உயிர் வர அரை மணித்தியாலம் என்றதும் போனை வைத்துவிட்டு எழும்பிப் போகிறாவே, அக்காவின் மகனை விட அவ கேமைக் கையில் வைத்திருக்கிறா. ஒரு கட்டியை எங்கே நகர்த்தினால் மேலே இருப்பவை எப்படிச் சரியும் என்று அவ முன்கூட்டியே பார்ப்பதை ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். காசு கேட்டுத் தொல்லை தருகிற இடங்கள் அந்தக் கேமில் இருக்கின்றன, அவை குறைதான். அந்தச் சரிவை அமைத்த கை நல்ல கை.

பிடித்ததையும் தரத்தையும் சேர்த்து ஒரு கேமைப் பற்றி எப்படிச் சொல்வது?

பெடியன்களிடம் நான் கேட்பது இதைத்தான்: பிடித்ததா என்று முதலில் சொல், ஒளிக்காதே. பிறகு எந்த இடத்தில் பிடித்தது என்று கையை வைத்துக் காட்டு. "கிராபிக்ஸ் சூப்பர்" என்று சொன்னால் நான் விடமாட்டேன், எந்தக் காட்சி, அந்த நேரம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய், அது வேறு மாதிரி இருந்திருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேட்பேன். இப்படிக் கேட்கக் கேட்க, சிலர் தங்களுக்குப் பிடித்தது கேமை இல்லை, அதை வாங்கித் தந்த அண்ணாவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒருவனின் அண்ணா கட்டாரில் வேலை செய்கிறார். அந்த டிஸ்க்கை அவன் இன்னும் வைத்திருக்கிறான், வைத்திருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் மனம் மாறிய கேம் ஏதாவது உண்டா?

டெட்ரிஸ். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் செய்தது, எனக்குத் தெரிய வந்தது சின்ன வயதில் சந்தையில் வாங்கிய, கையில் பிடித்து விளையாடுகிற ப்ரிக் கேமில். நாலு நாலு சதுரம் சேர்ந்த ஏழு துண்டு, விழுகிறது, அடுக்குகிறோம், ஒரு வரி நிறைந்தால் மறைகிறது. இதில் என்ன இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

பிறகு அப்பா வருத்தமாகி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். போனில் டேட்டா இல்லை, யாரோ பக்கத்துக் கட்டில் பிள்ளை விட்டுப்போன அதே மாதிரி ப்ரிக் கேம் ஒன்று ஜன்னலோரம் கிடந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று இரவு விளையாடினேன். அந்த மூன்று இரவும் என்னைத் தாங்கியது அதுதான். ஆனால் அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்தது, இது பசியா ருசியா என்று. அந்த இரவுகளில் எதைக் கையில் தந்திருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா சுகமாகி வீட்டுக்கு வந்து ஒரு வருடம் கழித்து, மனதில் ஒரு பாரமும் இல்லாத ஒரு போயா லீவு நாளில், வேண்டுமென்றே அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து உட்கார்ந்தேன். அப்பா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வலப்பக்க ஓரத்தில் ஒரு வரிசையை மட்டும் திறந்து விட்டு மற்ற எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு நீளத் துண்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை, வரவில்லை, மேலே இடம் குறைந்துகொண்டே வந்தது, கை வியர்த்தது. பிறகு வந்தது. நேராக இறக்கினேன், நாலு வரியும் ஒன்றாக மறைந்தன, என்னை அறியாமல் கத்திவிட்டேன், அப்பா பேப்பரை இறக்கி "என்னடா?" என்று பார்த்தார்.